விபத்து போதாத விண்ணப்பம்

உள்ளூர்த் தொண்டு அமைப்புகளுக்கு நிதி கொடுக்கும் கல்லூரி மாணவர் குழு அது. பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவும் தங்கள் சங்கத்துக்கு நாலு விசிலும் நாலு சிவப்புக் கொடியும் கேட்டு, ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டரம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

"முன்னாடியெல்லாம் இந்த வாசல் ரோட்டுல வருஷத்துக்குப் பன்னிரண்டு விபத்து. இப்ப ஒண்ணுகூட இல்லையே, ஆன்ட்டி?" என்றாள் குழுத்தலைவி.

"அதுக்குத்தானேம்மா வெயில்ல காயுறோம்!"

"அப்ப உங்களுக்குத் தேவையே இல்லைன்னு ஆகுதே. அடுத்த வருஷம் ரெண்டு மூணு விபத்தோட வாங்க, பார்க்கலாம்."

கண்டக்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே டீ குடிக்கக் கிளம்பிய குழு, சீறிப்பாயும் லாரிகளைப் பார்த்து மிரண்டு நின்றது.

"ஆன்ட்டி, எங்களைக் கொஞ்சம் அந்தப் பக்கம் விட்டுடுங்களேன்."

அவர் தன் பழைய விசிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நீங்க கேட்ட ரெண்டு மூணுக்கு நான் வேற எங்க போவேன், கண்ணு? தாராளமா நடங்க."