மூடியில் காய்ந்த பால்

ஜெகநாதன் கயிற்றைச் சுண்டி இழுத்தான். புல் வெட்டும் மெஷின் ஒரு தும்மல் போட்டுவிட்டு உறுமிக் கிளம்பியது. வாசலில் தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பெஞ்சில் கிடத்தியிருந்த தேவேந்திரன் மட்டும் பார்க்கவில்லை. மெஷின் அவனுடையதுதான்.

ஹெலிபேட் புல், பள்ளிக்கூட மைதானம், ஆஸ்பத்திரி முற்றம் என்று கச்சால் தீவில் தலைதூக்கிய புல்லையெல்லாம் அவன்தான் அந்த மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு வெட்டினான். நேற்று மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவன், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தான். ஜெயராணி செம்பில் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. புருஷன் செத்துப்போவது இவ்வளவு சுலபமான காரியமா என்று அவளுக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

"சலேகா, சலேகா! இப்ப ஓடும்" என்று ஜெகநாதன் கத்திவிட்டு, மெஷினோடு மேட்டில் ஏறினான். அவன் பவர் ஹவுஸில் ஜெனரேட்டர் பார்ப்பவன், தூத்துக்குடிக்காரன். பெரிய இன்ஜினோடு பழகியவனுக்கு இந்தச் சின்னது பிடிகொடுக்காமல் விளையாட்டுக் காட்டியது.

இடுகாடு மேட்டுக்கு அந்தப் பக்கம், பழைய ரப்பர் காட்டுக்குள் இருந்தது. இந்த மழைக்குப் பாதை முழுவதையும் கொடி மூடிவிட்டது. தூக்கிய பாடையை வழியில் கீழே வைக்கக் கூடாது என்பது தோட்டத்து லைன் வீடுகளில் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். பாதை திறந்தால்தான் பாடையைத் தூக்க முடியும். நாலு பேர் கத்தியோடு போய்ப் பார்த்துவிட்டு, நாளைக்கும் முடியாது என்று திரும்பி வந்திருந்தார்கள்.

ஜெயராணி மேட்டைப் பார்க்கவில்லை. போட் வந்து நிற்கும் ஜெட்டிக்குப் போகும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மகன் பிரவீன்குமாருக்கு ஹேவ்லாக்கில் ஒரு ரிசார்ட்டில் வேலை. சேதி கிடைத்ததும் போர்ட் பிளேருக்கு ஓடி, கிளம்பிக்கொண்டிருந்த கப்பலில் தொற்றிக்கொண்டு, காலையில் பக்கத்துத் தீவான கமோர்ட்டாவில் இறங்கிவிட்டான். அங்கிருந்து இங்கே வர நடுவில் ஒரு துண்டுக் கடல்தான். மழை விட்டால் அந்தக் கரை மரங்கள்கூட இங்கிருந்து தெரியும். ஆனால் கடல் பொங்கிக் கிடந்ததால் போட் விடவில்லை. அவன் அந்தக் கரையில் நின்றான். இவள் இந்தக் கரையில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளை வந்து அப்பன் முகத்தைப் பார்க்க வேண்டும். அவளுக்கு இன்றைக்கு வேறு எதுவும் வேண்டாம்.

அவளுடைய அண்ணன் முருகையா பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"ராணி, பொழுது சாயுறதுக்குள்ள எடுத்துடணும். ஒடம்பு தாங்காது புள்ள."

"போட் விட்டுருவாங்கண்ணே."

"விட்டா நல்லதுதான். நா வேணாங்கல. பாதை சாஃப் ஆகுற வரைக்கும் பாப்பம். ஆயிட்டா, அப்புறம் நிறுத்தி வைக்க ஏலாது."

மேட்டில் மெஷின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கம்பீரமாக ஓடியது. பிறகு குரல் கம்மியது. ஜெகநாதன் முறுக்க முறுக்க, மூச்சு வாங்கி, இழுத்து, நின்றே போனது.

"மறுபடி பந்த்!" என்று யாரோ சொன்னார்கள்.

ஜெகநாதன் முகம் சிவக்க இறங்கி வந்து சாக்கை விரித்து உட்கார்ந்தான். பிளக்கைக் கழற்றிப் புடவைத் துணியால் துடைத்தான். ஃபில்டரைத் தட்டினான். புகைக்குழாயில் குச்சி விட்டுக் கரியைச் சுரண்டினான். கடைசியாக டாங்க் மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்த்தான்.

"பெட்ரோல்ல தண்ணியும் இல்ல. ஆயில் கலந்ததும் சரியாத்தான் இருக்கு. இதுல என்ன கச்ரா இருக்குன்னே தெரியலயே!"

மூடியை இறுக்கிக் கயிற்றை இழுத்தான். சொல்லிவைத்தது போலக் கிளம்பியது. பிளக்கைத் துடைத்ததால்தான் ஓடுகிறது என்று அவனுக்குச் சந்தோஷம். முந்தைய தடவை ஃபில்டரால் என்று சந்தோஷப்பட்டிருந்தான்.

ஜெயராணிக்கு மட்டும்தான் விஷயம் தெரியும்.

அந்த மூடியின் தலையில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை உண்டு. பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். மழைக்காலத்தில் மெஷினைத் தாழ்வாரத்தில் வைத்தால் சாரல் அதே துளை வழியாக டாங்குக்குள் இறங்கிவிடும். அதற்குத் தேவேந்திரன் ஒரு வைத்தியம் வைத்திருந்தான். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ரப்பர் மரத்தில் ஒரு கீறல் போட்டு, வடிகிற பாலில் ஒரு சொட்டை விரலில் எடுத்துத் துளைமேல் தடவிவிடுவான். அது காய்ந்து தோலாகப் பிடித்துக்கொள்ளும். வேலைக்குக் கிளம்பும்போது நகத்தால் உரித்து எறிவான். அழுக்குப் படிந்து மூடியின் நிறத்துக்கே வந்துவிட்ட அந்தத் தோல் ஜெகநாதன் கண்ணில் படவில்லை. பெட்ரோல் பார்க்க மூடியைத் திறக்கிறபோதெல்லாம் காற்று உள்ளே போகிறது, மெஷின் ஓடுகிறது. மூடிய கொஞ்ச நேரத்தில் மறுபடி மூச்சு முட்டுகிறது.

காலையில் முதல் தடவை நின்றபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. சொல்ல வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்து, "பாதை ஆனதும் தூக்கிரலாம்" என்று முருகையா சொன்னது காதில் விழுந்தது. வாயை மூடிக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ரெங்கம்மா மூக்கைச் சிந்தினாள். "மெஷினா நிக்குது? தேவேந்திரன்ல நிப்பாட்டுறாரு. மகன் மொகத்தப் பாக்காம போவ மாட்டேங்குறாரு மனுசன்!"

பெண்கள் அதைக் கேட்டு அழுதார்கள். உச்சுக்கொட்டினார்கள். ஒருத்தி பெஞ்சின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயராணிக்கு அந்த நேரத்திலும் சிரிப்பு முட்டியது. இதைச் சொல்லிச் சேர்ந்து சிரிக்க அவளுக்கு ஒரே ஒரு ஆள்தான் இருந்தான். அவன் தாடையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் கிடந்தான். இத்தனை பேருக்கு நடுவில் தான் ஒற்றையாள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மெஷின் போனது, நின்றது, வந்தது. வெயில் எட்டிப் பார்த்துவிட்டு மறைந்தது. சாம்பிராணிப் புகையையும் மீறி வேறொரு வாடை லேசாகக் கிளம்பியிருந்தது. ஜெயராணி வாடாத மாலையைத் தேடி எடுத்து அவன் கழுத்தோரமாக நகர்த்தி வைத்தாள்.

போன் அடித்தது. பிரவீன்குமார்.

"அம்மா."

"சொல்லுப்பா. போட் விட்டாங்களா?"

"இல்லம்மா. கல் தேக்கேங்கேன்னுட்டாங்க. நாளைக்குத்தானாம். டுங்கிப் படகுக்காரன் காலப் புடிச்சுக்கூட கேட்டுப் பாத்துட்டேன். யாரும் எறங்க மாட்டேங்குறாங்க. அலை மேல ஏறி அடிக்குதும்மா."

அந்தப் பக்கம் காற்று இரைந்தது.

"வீடியோ போட்டுப் பாத்தேன். சுத்திக்கிட்டே இருக்கு, வரல."

"ம்."

அதற்குள் ஜெகநாதன் வாசலிலேயே மெஷினை நிறுத்தாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். அது வழக்கம்போலக் கம்மி, இழுத்து, அடங்கியது.

"அம்மா, அது அப்பா மெஷினா?"

"ஆமாப்பா. பாதை வெட்ட எடுத்தாங்க. நின்னு நின்னு போவுது."

"எவ்வளவு நேரமா?"

"காலையிலேருந்து."

அவன் மெதுவாகச் சொன்னான்: "மூடியில அப்பா பால் தடவியிருப்பாரும்மா. அத உரிக்காம ஓட்டுறாங்க."

"தெரியும்பா."

அந்தக் கரையில் அவன் மூச்சு நின்று வந்தது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிள்ளை அழப்போகிறான் என்று நினைத்தாள். அவன் அழவில்லை.

"எனக்காகவாம்மா?"

அவள் ஜெட்டி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"உரிச்சு விட்ரும்மா" என்றான் பிரவீன்குமார். "அப்பாவ ரொம்ப நேரம் போட்டு வைக்காதீங்க. உரிச்சு விட்ரு."

ஜெயராணி எழுந்தாள். உட்கார்ந்தே இருந்ததில் கால் மரத்திருந்தது. போனைக் கையில் பிடித்தபடியே மெஷினிடம் போனாள். கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தது.

"நவுரு தம்பி" என்றாள் ஜெகநாதனிடம்.

குனிந்து மூடியின் தலையில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்து நெம்பினாள். தோல் பாலாடை போலச் சுருண்டு வந்தது. ஸ்ஸ் என்று காற்று உள்ளே இழுபட்டது.

ஜெகநாதன் அந்தத் தோலைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"அக்கா, ஒங்களுக்கு இது..."

முருகையாவுக்கும் புரிந்துவிட்டது. என்னவோ சொல்ல வாயைத் திறந்தவர், ரோட்டுப் பக்கம் பார்த்துவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரெங்கம்மா மட்டும் என்ன, என்ன என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கயிற்றை ஒரு தடவை இழுத்ததும் மெஷின் கிளம்பியது. ஜெகநாதன் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு மேட்டில் ஏறினான். கத்தி வைத்திருந்தவர்களும் அவன் பின்னால் போனார்கள்.

ஜெயராணி திரும்பி வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. காதில் வைத்துப் பார்த்தாள்.

"இருக்கேம்மா" என்றான் பிரவீன்குமார்.

"அப்பாக்கிட்ட வைக்கிறேன். பேசு."

மாலையை ஒதுக்கிவிட்டு, போனைத் தேவேந்திரனின் காதோரமாகச் சாய்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது. பிறகு சின்னதாக "அப்பா" என்று கேட்டது. அடுத்து அவன் சொன்னதைக் கேட்க வேண்டாம் என்று அவள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மேட்டில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது நிற்கும், இப்போது நிற்கும் என்று அவள் காதைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அது ஒரு தடவைகூட நிற்கவில்லை.