நம்மவர்கள்

மனைவி கிரிஜா இறந்த பிறகு புனேயின் லோஹேகாவ் வீட்டில் கோவிந்தராஜன் தனியாக இருந்தார். மகன் பிரணவ் பாணேரில்தான் இருந்தான். ஒரே ஊர் என்றாலும் எப்போதாவதுதான் வருவான். அதனால் "அண்ணை, நான் புனே வந்திருக்கிறன்" என்று அந்தோணி போன் செய்ததும் அவர் வாசலில் போய் நின்றுவிட்டார்.

நாற்பது வருடங்களுக்கு முன், விமானப்படையில் சேர்ந்த புதிதில், அவரை வடக்கே ஒரு மலை முகாமுக்கு அனுப்பினார்கள். இலங்கையிலிருந்து வந்த போராளிகளுக்கு அங்கே ரகசியப் பயிற்சி. மேஜரின் இந்தியைத் தமிழில் சொல்வது அவர் வேலை. வெளியே மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருந்தார்கள். கிரிஜாவுக்குக்கூடத் தெரியாமலே போனது.

அந்தப் போராளிகளில் ஒருவர் அந்தோணி. பாரிஸிலிருந்து வந்திருந்த அவருக்கு இப்போது தலை முழுக்க நரைத்திருந்தது. காப்பியை வாங்கிக்கொண்டு அவரே பேச்சைத் தொடங்கினார்.

"'நீங்கள் இந்துக்கள், எங்கட ஆக்கள், அதாலதான் உதவுறம்' எண்டு மேஜர் சொன்னவர். நீங்கள் தமிழில சொன்னனீங்கள். என்ர கழுத்தில சிலுவை கிடந்தது."

"சட்டைக்குள்ள விட்டுக்கிட்டீங்க. பார்த்தேன்."

"உண்மையா மதத்துக்காகத்தான் பயிற்சி தந்தவையோ?"

கோவிந்தராஜன் யோசித்தார். "டெல்லிக்கு வேற கணக்கு இருந்திருக்கும். ஆனா மேஜர் அதை நிஜமாவே நம்பினார். அந்த வார்த்தை இல்லேன்னா அவருக்கு மனசு ஒப்பியிருக்காது."

"பிறகு அதே அரசு எங்களோட சண்டைக்கு வந்தது. முகாமில எங்களோட இருந்த குகன் அதிலதான் செத்தவன். தினமும் திருநீறு பூசுவான், நினைவிருக்கோ?"

"இருக்கு. மேஜருக்கு அவனைத்தான் ரொம்பப் பிடிக்கும்."

அந்தோணி தலையாட்டினார். கோபம் தெரியவில்லை, களைப்புதான் தெரிந்தது.

ஆட்டோ வந்தது. "இனி வரேலாது அண்ணை. நெஞ்சு சரியில்லை" என்றார் அந்தோணி. அந்த முகாமைப் பற்றிப் பேச கோவிந்தராஜனுக்கு உலகத்தில் இருந்த ஒரே ஆள் அவர். டிரைவர் ஹாரன் அடிக்கும்வரை கோவிந்தராஜன் அந்தோணியின் கையை விடவில்லை.

சாயங்காலம் பிரணவ் கூப்பிட்டான். "அப்பா, பக்கத்து வீட்டு ரீனா ஆண்ட்டி சொன்னாங்க, யாரோ வந்தாங்களாமே?"

"ஆமா. பாரிஸ்லேர்ந்து."

"பாரிஸ்ல உங்களுக்கு யாருப்பா?" பிரணவ் சிரித்தான்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

"யாருமில்லப்பா. அட்ரஸ் மாறி வந்துட்டார்" என்றார்.