கட்டிலடியில் கிடந்த பேட்டரி

மலாக்காவின் காஜா பேராங்கில் ராஜரத்தினம் வீட்டு ரேடியோ வாயை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. மகள் மல்லிகா, மேடைக் கச்சேரிகளில் ஆர்மோனியம் வாசிக்கும் ஜெயபாலனைக் கட்டிக்கொண்டு கோலாலம்பூருக்குப் போன அன்று அணைத்ததுதான். பாட்டு கேட்டுத்தான் பெண் கெட்டாள் என்பது தகப்பனின் தீர்ப்பு. "இனிமே இந்த வீட்டுல பாட்டுச் சத்தமே கூடாது!" என்றார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர் அவர். சாதாரணமாகப் பேசினாலே கடைசி சீட்டு வரைக்கும் கேட்கும். அன்றைக்குத் தெரு முழுக்கக் கேட்டது.

ரேடியோவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்த ஆறு வோல்ட் பேட்டரியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். அப்போதே அதில் சார்ஜ் வற்றிப்போயிருந்தது. கோபத்தில் இருக்கிற மனுஷன் சார்ஜ் ஏற்றிவிட்டா தள்ளுவார்?

இப்போது மெர்டேக்கா, நாட்டின் விடுதலை நாள், வந்துவிட்டது. ஊரே கொடியும் தோரணமுமாக இருக்கையில், கோலாலம்பூருக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லோரிக்காரன் தியாகு ஒரு சேதி கொண்டுவந்தான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மல்லிகா ரேடியோவில் பாடுகிறாள். ராஜரத்தினத்திடம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. பக்கத்து வீட்டுப் பாக்கியலட்சுமி மட்டும் துணி காயப்போடுகிற சாக்கில் வேலியிடம் சொன்னாள், இரண்டு தரம்.

அதற்குப் பிறகு மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், காப்பியைப் பாதியில் வைத்தார். பாக்கியலட்சுமி வீட்டில் போன மாதம்தான் கரண்ட் இழுத்துப் புது ரேடியோ வாங்கியிருந்தார்கள். அங்கே போய்க் கேட்கலாம்தான். ஆனால் ஒரு வருஷமாக முறுக்கிய மீசையை எங்கே கொண்டுபோய் வைப்பது? மனைவி சந்திரமதி ஒன்றும் கேட்கவில்லை. அதுவும் அவருக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலையில் பேட்டரியைக் கட்டிக் கழித்த சாரத்தில் சுற்றி, சைக்கிளில் கட்டி, பண்டார் ஹிலிரில் இருக்கும் காதர் மைதீனின் பேட்டரி கடைக்குப் போனார். பலாப்பழம் கொண்டுபோகிறார் என்று தெரு நினைத்துக்கொள்ளும் என்று அவர் நினைத்தார். தெரு அப்படியெல்லாம் நினைக்கவில்லை.

காதர் மைதீன் மூடியைத் திருகி உள்ளே பார்த்தார். "என்னண்ணே ஊத்துனீங்க இதுல?"

"கம்போங் செட்டி கோயில் கிணத்துத் தண்ணி. ரேடியோ ஓடுன வரைக்கும் வெள்ளிக்கிழமை தவறாம, துணியில வடிகட்டி. அதைவிடச் சுத்தமான தண்ணி மலாக்காவுலயே கெடையாது."

"சாமிக்குச் சுத்தம்ண்ணே, பேட்டரிக்கு இல்ல. அதுல உப்பு இருக்கு, இரும்பு இருக்கு. இதுக்குக் கொதிக்க வச்சு ஆவி புடிச்ச தண்ணிதான் ஊத்தணும்." மறுபடி குனிந்தார். "அதைவிடப் பெரிய தப்பு, காலியா போட்டு வச்சது. தகடு பூரா வெள்ளை பூத்துக் கல்லாட்டம் இறுகிப்போச்சு பாருங்க. உடனே சார்ஜ் ஏத்தியிருந்தா கரைஞ்சிருக்கும். இனி கரையாது."

"ஓட்டுனாத்தானே தேயும்? நான்தான் தொடவே இல்லையே!"

"அதான்ண்ணே கொன்னுருச்சு."

"வாடகைக்கு வேற ஒண்ணு குடு."

"இருந்ததெல்லாம் மெர்டேக்கா மேடைக்குப் போயிருச்சு லா. இதையே ஏத்திப் பாக்குறேன்."

மறுநாள் போனபோது மீட்டரின் முள் நிமிர்ந்து நின்றது. ராஜரத்தினத்தின் முகமும் நிமிர்ந்தது. "நிக்குதே!"

"நிக்கும்ண்ணே. பானை நிறைஞ்ச மாதிரித்தான் தெரியும். உள்ள முக்காவாசி கல்லு. ரெண்டு குவளை மொண்டா தீந்துரும்."

"எனக்கு ஒரு பாட்டுப் போதும்" என்று சொன்னவர், சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சாயங்காலம் கதவைச் சாத்திவிட்டுக் கம்பிகளை மாட்டினார். ரேடியோ விளக்கு மஞ்சளாகக் கண் திறந்தது. செய்தி வந்தது, வாழ்த்து வந்தது. வெள்ளோட்டம் பார்க்கிறேன் என்று அவர் முன்கூட்டியே போட்டுவிட்டதில் இரண்டு குவளையும் அங்கேயே போய்விட்டன. "அடுத்து நம் நேயர்களுக்காக..." என்றபோது அறிவிப்பாளரின் குரல் கிணற்றுக்குள் இறங்கியது. விளக்கு சிவந்து அவிந்தது. கம்பியைச் சுரண்டினார், பெட்டியைத் தட்டினார், பேட்டரியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார்.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மல்லிகாவின் குரல் எழுந்தது.

"சந்திரா!" என்று கத்தினார். அடுப்படியில் ஆள் இல்லை, வாசலில் செருப்பும் இல்லை.

சட்டையைக்கூட மாட்டாமல், தோளில் ஒரு துண்டோடு பாக்கியலட்சுமி வீட்டுக் கூடத்தில் போய் நின்றார். பாதித் தெரு அங்கேதான் இருந்தது. முன்வரிசைப் பாயில் சந்திரமதி. திரும்பிப் பார்க்காமலே கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். உட்கார்ந்தார். பாட்டில் பாதிக்குமேல் போய்விட்டிருந்தது. மீதியைத் தலை குனிந்து கேட்டார். துண்டு இரண்டு தரம் கண்ணுக்குப் போனது. வேர்வை என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பாட்டு முடிந்ததும், "தியாகு, லோரி எப்ப கோலாலம்பூர் போகுது?" என்றார்.

"திங்கக்கெழமைண்ணே."

"முன்சீட்டுல எடம் இருக்குமா?"

"ஒரு ஆளுக்குத்தான் இருக்கும்" என்றாள் சந்திரமதி. "எனக்கு நான் அப்பவே சொல்லி வச்சுட்டேன்."