தாம்பாளத்தில் வெட்டிய கேஸ்கட்

திருத்தணிக் கடைத்தெருவில் மோட்டார் ரிப்பேர் என்றால் கரீமுல்லாதான். அப்படிச் சொல்லிக்கொண்டு திரிந்ததும் பெரும்பாலும் கரீமுல்லாதான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே சீக்கைச் சொல்லிவிடும் காது தனக்கு என்பான். சொந்தமாக வாங்கிய பழைய வேன் விஷயத்தில் மட்டும் அந்தக் காது செவிடாகிவிட்டது.

ஒவ்வொரு சவாரியிலும் ரேடியேட்டர் தண்ணீர் மாயமாகியது. கீழே ஒரு சொட்டு ஒழுகவில்லை. ரப்பர் குழாயைச் சந்தேகப்பட்டு மாற்றினான். ரேடியேட்டரைக் கழற்றி ஈயம் வைத்தான். பிறகு பள்ளிப்பட்டுத் தண்ணீர் சரியில்லை என்று ஒரு ஊர்மேலேயே பழி போட்டான். கடைசியாக, ஓட்டையை அடைக்கும் என்று ஒரு கை மஞ்சள்தூளை உள்ளே கொட்டினான். அடைக்கவில்லை. வேன் போன வழியெல்லாம் ரசம் கொதிக்கிற வாசனை வீசியதுதான் மிச்சம்.

அந்த வேனைத்தான் பள்ளிப்பட்டுப் புடவை வியாபாரி கெங்கம்மாள் பிடித்தாள். மகள் ரஞ்சிதத்துக்கு அந்த வாரமே திருத்தணி மலையில் கல்யாணம். பெண் மோட்டாரில் வந்து இறங்கும் என்று சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்தாள். அதற்கு முன் சீர்ப் பாத்திரங்களை ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். பாத்திரங்களை ஏற்றிவிட்டு முன்னால் உட்கார்ந்தாள்.

ஆர்.கே.பேட்டை தாண்டியதும் எஞ்சின் இருமியது. பின்னால் வெள்ளைப் புகை, முன்னால் ஆவி. வண்டி நின்றது.

"இன்னா பாய், உள்ள சோறு வடிக்கிறியா?"

"ஒண்ணும் இல்லீங்கம்மா. கொஞ்சம் சூடு."

"கொஞ்சமா? போற மாடெல்லாம் நின்னு பாத்துகினு கீது."

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் ஊற்றி, மூடியைத் திறந்தே வைத்து, கைப்பிடியைச் சுற்றிக் கிளப்பினான். சூடேறவே இல்லை, அதற்குள் தண்ணீரில் குமிழிகள் புறப்பட்டன. எரிகிற காற்று தண்ணீர் வழிக்குள் புகுகிறது. எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடு, கேஸ்கட், போய்விட்டது. இந்தச் சோதனையை எத்தனை டிரைவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறான்! தன் வண்டிக்குச் செய்யத் தோன்றாத காரணமும் அவனுக்குத் தெரியும். அந்தக் கேஸ்கட்டை மாட்டியவன் அவனே.

மாடு கட்டித் திருத்தணிக்கு இழுத்து வந்து, தன் கொட்டகையில் ஹெட்டைக் கழற்றினான். இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவே கேஸ்கட் கருகி, தண்ணீர்த் துளைவரை பிளந்திருந்தது. நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முடுக்க வேண்டும். மாட்டிய அன்றைக்குப் பிரியாணி ஆறிவிடுமே என்ற அவசரத்தில், ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரத்தில் முடித்திருந்தான். ஹெட் லேசாக வளைந்தும் இருந்தது.

"யார் பாய் இத மாட்னது?"

"ஒரு கழுதைங்கம்மா."

"எந்த ஊரு கழுதை?"

"இதே ஊருதான். பேரு கரீமுல்லா."

கெங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்தது; கோபமும் கூடவே வந்தது. யுத்தம் நடக்கிற காலத்தில் அரக்கோணத்திலும் மதராஸிலும் புதுக் கேஸ்கட் கண்ணில்கூடப் படாது. கரீமுல்லாவின் பார்வை சீர்ப் பாத்திரங்களுக்கு நடுவே இருந்த பெரிய செம்புத் தாம்பாளத்தில் விழுந்தது. சட்டென்று திருப்பிக்கொண்டான்.

"அங்க இன்னா பாக்கிற?"

"செம்பு நல்லா கெட்டியா கீதுங்க." அதை வெட்டினால் கேஸ்கட் ஆகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அவள் தாம்பாளத்தை மடியில் வைத்துக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். "பொண்ணு மோட்டார்ல வரும்னுதான் சொன்னேன். தாம்பாளம் வரும்னு சொல்லல. வெட்டு."

முதல் வெட்டு விழும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கரீமுல்லா பழைய கேஸ்கட்டை வைத்துக் கோடு கிழித்து வெட்டினான், துளைகளைப் போட்டான். தகட்டை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினான். செம்பு இளகினால்தான் இடுக்கெல்லாம் படியும். ஹெட்டைக் கண்ணாடிப் பலகைமேல் தேய்த்துச் சமமாக்கினான். மஞ்சளைக் கழுவினான், தண்ணீர் கலந்த எண்ணெயை மாற்றினான். இந்தத் தடவை நட்டுகளை நடுவிலிருந்து, கொஞ்சம் கொஞ்சமாக, சுற்றுச் சுற்றாக முடுக்கினான். பிரியாணி நினைப்பே வரவில்லை.

கிளப்பியபோது தண்ணீரில் ஒரு குமிழிகூட வரவில்லை.

"சரியாயிடுச்சா?"

இதற்கெல்லாம் நீளமாகப் பதில் சொல்கிறவன்தான். இப்போது, "ஊருக்குப் போயி பாத்தாதாங்க தெரியும்" என்றான்.

கல்யாணத்தன்று பள்ளிப்பட்டில் ரஞ்சிதம் பட்டுப்புடவையோடு வேனைச் சுற்றி வந்தாள். "என் சீரு தாம்பாளம் எங்க பாய்?" அவன் வேனின் முன்மூடியைத் தூக்கி, ஹெட்டுக்குக் கீழே கோடாகத் தெரிந்த செம்பு விளிம்பைக் காட்டினான். அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் தலைப் பூ ரேடியேட்டரில் விழப் பார்த்தது; கெங்கம்மாள் பிடித்துக்கொண்டாள்.

வழியெல்லாம் கரீமுல்லா எஞ்சினையே கேட்டுக்கொண்டு ஓட்டினான். மலையடிவாரத்தில் எல்லோரும் இறங்கிப் படியேறினார்கள். சூட்டில் தளர்ந்த நட்டுகளை மறுபடி முடுக்க வேண்டும் என்று அவன் மட்டும் ஸ்பானரோடு நின்றான். பின்னால் வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"வண்டியில எதனா கோளாறா?"

"வண்டி நல்லாத்தான் கீதுங்க. பாத்துகினவன்தான் சரியில்ல" என்று சொல்லிவிட்டு, நடு நட்டில் ஸ்பானரை வைத்தான்.