ஆடு வாய் வைக்காத செடிகள்

மைத்துனர் டம்ளரை அண்ணாந்து கவிழ்த்துக் கடைசிச் சொட்டையும் குடித்து முடிக்கும்வரை அவர் பெருமையோடு பார்த்துக்கொண்டு நின்றார். தன் தோட்டத்தில் பறித்த ஏழு இலை, தன் கையாலேயே வைத்த கஷாயம். ஐந்து நாளாக விடாத இருமல் இன்றோடு ஓடிவிடும் என்று நம்பினார்.

தோட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கச் சுவரோரம் பதினான்கு தொட்டி, மூலையில் ஒரு கொய்யாக் கன்று. முப்பத்தொரு வருடம் நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதியவர் அவர். ஓய்வு பெற்றதும் எண் போட எதுவுமில்லாமல் கை நமநமத்தது. செடிகள் மாட்டிக்கொண்டன. நர்சரிக்கார அம்மாவிடம் ஒரு வாரம் நடையாய் நடந்து, எது வெயில் தாங்கும், எது நிழலுக்கு ஆகும், எதன் வேர் சுவரைப் பிளக்கும் என்று குடைந்தெடுத்தார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "நல்லா வரும் சார்."

இரண்டு செடிகளுக்கு மட்டும் கூடுதலாக ஒரு நற்சான்று கிடைத்தது, ஆடு மாடு வாய் வைக்காது என்று. ஒன்று இருமலுக்கு ஆகும் ஆடாதோடை. இன்னொன்று மனைவி பூவுக்காக ஆசைப்பட்ட அரளி. ஆடு ஒன்றைக் கசப்புக்குப் பயந்து தொடாது, மற்றதை உயிருக்குப் பயந்து தொடாது. இவரோ இரண்டு பயத்தையும் ஒரே வகையில் சேர்த்து, அடுத்தடுத்து வைத்தார். பெயர்ச்சீட்டைத் தொட்டியில் செருகவும் இல்லை. நூலகத்தில் பெயர் அலமாரிக்குத்தானே? ஒவ்வொரு தொட்டிக்கும் மேலே சுவரில் ஆணியடித்து, முத்து முத்தான கையெழுத்தில் எழுதி மாட்டினார்.

காலி டம்ளரோடு வெளியே வந்தபோது மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அரளிக்கு வெயில் பத்தவில்லை என்று காலையில்தான் அதையும் பக்கத்துத் தொட்டியையும் இடம் மாற்றி வைத்ததாகச் சொன்னாள். சொல்லிவிட்டு அடுத்த துணியை உதறினாள்.

அவர் சுவரைப் பார்த்தார். ஆடாதோடை என்றது சீட்டு. அதன் கீழே ஒடித்த காம்புகளில், ஆடாதோடையில் வராத பால் வெள்ளையாகக் கசிந்து உறைந்திருந்தது.

உடனே கத்தியிருக்க வேண்டும். அவர் சமையலறைக்குப் போனார். வடிகட்டியில் கிடந்த இலைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் பரப்பினார். வெந்த இலை ஆடாதோடைபோல அகலமாகத் தெரியாதா என்று விளக்கைப் போட்டுப் பார்த்தார். ஏழும் ஒல்லியாகவே இருந்தன. பிறகு கூடத்துக்கு வந்து, வாய் எரிகிறதா, வயிறு பிரட்டுகிறதா என்று ஏதோ நலம் விசாரிப்பவர்போலக் கேட்டார். கஷாயத்தைவிட உங்கள் முகம்தான் கசப்பாக இருக்கிறது என்றார் மைத்துனர். அந்த மனிதர் வாழ்நாளில் ஒரு கேள்விக்கும் நேராகப் பதில் சொன்னதில்லை. கல்யாணப் பந்தலில் 'என் அக்காவைப் பிடிச்சிருக்கா' என்று இவரைக் கேட்டுவிட்டு, இவர் வாய் திறக்குமுன் தானே பதிலும் சொன்னவர்.

பத்து நிமிடம் இப்படிப் போயிற்று. பதினோராவது நிமிடத்தில் சொல்லிவிட்டார். மனைவி செருப்பைக்கூட மாட்டாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினாள். இவர் அரளிக் கிளையை ஒடித்துக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினார்.

"பூவோட போறீங்களே அத்தான், என்னைப் பெண் பார்க்கவா?" என்றார் மைத்துனர்.

இரண்டாவது சிக்னலில் வாந்தி எடுத்தார். அதற்குப் பிறகு கேலி வரவில்லை. நெற்றி வியர்த்து, மணிக்கட்டு சில்லிட்டிருந்தது. இவர் நாடியைப் பிடித்து எண்ணினார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு தெருவே ஓடி மறைந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கிளையைப் பார்த்ததும் நடையை வேகமாக்கினார். எத்தனை இலை, எவ்வளவு தண்ணீர், எப்போது குடித்தார் என்று கேட்டார். ஏழு இலை, இரண்டு டம்ளர் தண்ணீர் ஒன்றாகச் சுண்டியது, பத்து நாற்பது என்று இவர் ஒப்பித்தார்.

"உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது?"

"பத்து நாப்பத்தஞ்சு." மனைவி திரும்பிப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தபடி சொன்னார், "வீட்ல சொன்னது பத்து அம்பத்தஞ்சு."

டாக்டரம்மா இரண்டையும் குறித்துக்கொண்டார். பிழைப்பாரா என்று கேட்டதற்கு, பார்க்கலாம் என்றார். மதியம் நர்ஸிடம் கேட்டார். டாக்டரிடம் கேளுங்கள் என்றார் அவர். நாலு மணிக்கு மறுபடி டாக்டரம்மா வந்து, இதயம் இன்னும் மெதுவாகத்தான் அடிக்கிறது, மருந்து போய்க்கொண்டிருக்கிறது, நாளைக்குத்தான் எதுவும் சொல்லமுடியும் என்றார். 'நல்லா வரும் சார்' என்றாவது ஒருவர் சொல்லமாட்டாரா என்றிருந்தது அவருக்கு.

சாயங்காலம் ஒருவரை உள்ளே விட்டார்கள். "நீங்க போங்க," என்றாள் மனைவி. காலையில் விஷயத்தைச் சொன்னதிலிருந்து அவரிடம் அவள் பேசிய முதல் வார்த்தை.

மார்பில் வயர்கள். தலைமாட்டுப் பெட்டியில் நாற்பத்திரண்டு என்றிருந்த எண், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே முப்பத்தொன்பதாகி, நாற்பத்தொன்றுக்கு ஏறியது. எண்களோடு காலம் தள்ளியவர்தான், ஆனால் ஒரு எண் இறங்கிவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டது இதுவே முதல் தடவை.

மைத்துனர் கண்ணைத் திறந்தார். "என்ன அத்தான், எனக்கும் நம்பர் போட்டாச்சா?"

இவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஸ்டூலைக் கட்டிலோடு ஒட்டி இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "விளையாடாம சொல்லுடா தம்பி. எப்படி இருக்கு உனக்கு?"

மைத்துனர் ஊசி குத்தாத கையை மெல்ல நகர்த்தி, இவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"பயமா இருக்கு அத்தான். போயிடாதீங்க."