பழுதுபார்ப்புச் செலவு

"கவனக்குறைவுதாம்மா," என்றார் ஆலையின் மேலாளர், சவப்பெட்டியின் மேல் மலர்வளையத்தை வைத்துவிட்டு நிமிர்ந்தபடி. "வால்வை அவன் பார்த்திருக்கணும். தங்கமான பையன். என்ன பண்றது."

பெட்டியை ஆஸ்பத்திரியிலேயே மூடித்தான் கொடுத்திருந்தார்கள். கொதிகலன் வெடித்ததில் தம்பியின் முகம் யாருக்கும் காட்டும்படி இல்லை.

அக்காவுக்கு வங்கியில் கடன் பிரிவில் வேலை. கம்பெனிகளின் நிதி அறிக்கைகளைப் படித்து, தொழில் நிஜமாகவே ஓடுகிறதா, ஓடுவதுபோல் பாசாங்கு செய்கிறதா என்று சொல்ல வேண்டும். நேற்று பிணவறை வராந்தாவில் உடலுக்காகக் காத்திருந்தபோது, தம்பி வேலைபார்த்த ஆலையின் ஆண்டறிக்கைகளைக் கைப்பேசியில் திறந்தாள். அழுகை வரவில்லை. பழக்கம்தான் வந்தது.

மேலாளர் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தினார். "கம்பெனி நிலைமையும் சுமார்தான். இருந்தாலும் எங்களால முடிஞ்சதைச் செய்வோம்."

"போன வருஷம் உங்க லாபம் ரெண்டு மடங்காச்சே சார்," என்றாள் அக்கா.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"விற்பனை ஏறவே இல்ல. அப்புறம் லாபம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒவ்வொரு செலவா பார்த்தேன். சம்பளம் அப்படியே இருக்கு. கரண்டுச் செலவு அப்படியே இருக்கு. பழுதுபார்ப்புச் செலவு மட்டும் பாதியாயிடுச்சு. அதுக்கு முந்தின வருஷமும் குறைச்சிருக்கீங்க."

"அம்மாடி, விடு." அப்பா அவள் முழங்கையைப் பிடித்தார். அவள் உதறிக்கொண்டாள்.

"புது மெஷினும் வாங்கல. மிச்சம் பிடிச்சதை நிர்வாகத் திறமைன்னு எழுதி, பங்குதாரருக்குப் பிரிச்சுக் குடுத்திருக்கீங்க. முதல் பக்கத்துல உங்க போட்டோ, பல்லைக் காட்டிக்கிட்டு. யாரோட கவனக்குறைவு சார் இது?"

"எழவு வீட்டுல இதெல்லாம் எதுக்கும்மா..."

"எழவு எங்க வீட்டுலதானே சார் விழுந்துச்சு? இங்கதான் கேப்பேன்."

கம்பெனி வேனில் மேலாளரோடு வந்திருந்த, தம்பியோடு வேலைபார்த்தவர்கள் சுவரோரமாய் நின்றிருந்தார்கள். அவர்களில் வயதான ஃபிட்டர் தரையைப் பார்த்தபடியே பேசினார். "வால்வு கசியுதுன்னு அவன் உங்ககிட்ட வந்து சொன்னானே சார். நானும் கூடத்தான் இருந்தேன்."

அப்பா முகத்தை மூடிக்கொண்டார்.

மேலாளர் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஷிப்டுக்கு நேரமாச்சு. எல்லாரும் ஏறுங்க," என்று சொல்லிவிட்டு, முதல் ஆளாய் வெளியே போய் வேனின் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

ஃபிட்டர் ஒரு நாற்காலியை இழுத்து அப்பாவின் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் அசையவில்லை.

வாசலில், பக்கக் கதவைத் திறந்துபோட்டபடி வேன் உறுமிக்கொண்டே நின்றது.