நான்காவது கட்டத்தில் விடை இல்லை

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லித் தொலைக்கிறேன்: எட்டு நிமிடக் கூட்டம் ஒன்றிலிருந்து. பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தரும் மென்பொருள் செய்கிற அலுவலகம் எங்களுடையது. ஒரு கேள்வி, அதன் கீழே வரிசையாக நான்கு கட்டங்கள், சரியான விடையை விரலால் தொட வேண்டும். மலிவான டேப்லெட்டுகளில் நான்காவது கட்டம் திரையின் அடிவிளிம்பில் போய் ஒட்டிக்கொண்டது. அதைத் தொட்டால் மூன்றாவதைத் தொட்டதாகப் பதிவாகும். இந்தச் சின்னக் கோளாறைச் சரிசெய்ய வேண்டுமா, வேண்டாமா? அதுதான் கூட்டம்.

2.

முதல் தொடக்கம்: "அந்தப் பொறியாளன் நல்லவன்தான், ஆனால் அன்று அவனுக்கு..." (தலைவலி என்று எழுதப் பார்த்தேன். தலைவலியும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை.)

இரண்டாம் தொடக்கம்: "அவன் சரிசெய்யத்தான் நினைத்தான், மேலாளர்தான்..." (பழியைத் தூக்கி அடுத்தவர் தலையில் போடுகிறேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: "சின்ன விஷயம்தானேப்பா? நீயே பாத்துக்க.")

பார்த்துக்கொண்டேன்.* திரை அமைப்பை மாற்றினால் எல்லாப் பக்கங்களையும் மறுபடி சோதிக்க வேண்டும், ஒரு வாரம் போய்விடும். அதற்குப் பதில், சரியான விடை நான்காவது கட்டத்தில் வரவே வராதபடி ஒரே வரி எழுதிச் சேர்த்தேன். புகார் நின்றது. "கில்லாடிடா நீ" என்று முதுகில் தட்டினார்கள். வெட்கமில்லாமல் சிரித்தேன்.

* "அவன்" எப்போது "நான்" ஆனான் என்று தேடாதீர்கள். அவன் என்று ஒருவன் இல்லவே இல்லை.

3.

ஏழு மாதம் கழித்து, எங்கள் மென்பொருளை வாங்கிய பள்ளி ஒன்றின் ஆசிரியை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். அவரைச் சிடுமூஞ்சியாக எழுதிப் பார்த்தேன், எனக்கு வசதியாக இருந்தது. ஆனால் அவர் அப்படி இல்லை. விடைத்தாள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"முப்பத்திரண்டு பிள்ளைங்க சார். இந்தத் தடவ பேப்பர்ல பரீட்சை வெச்சோம். ஒருத்தர்கூட நாலாவது விடைய எழுதல. சரியான விடை அதுவா இருந்த எடத்துலகூட."

காப்பியடித்திருக்கிறார்கள் என்று விசாரணை நடந்திருக்கிறது. வாலு என்று பெயர் வாங்கிய ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி எழுந்து, "நான்தான் டீச்சர் எல்லாருக்கும் சொன்னேன். நாலாவது எப்பவுமே தப்புதான்" என்றிருக்கிறாள். வகுப்பையே கெடுத்தவள் என்று அவளை ஒரு வகுப்பு கீழே இறக்கப் போகிறார்கள். வெள்ளிக்கிழமை முடிவு.

"டேப்லெட்டுல அப்படித்தான் வரும்னு அழுது அழுது சொல்றா. நெஜமா சார்? ஆமான்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க, போதும். ஹெச்.எம். கிட்ட நான் பேசிக்கிறேன்."

பக்கத்தில் மேலாளர் இருந்தார். உண்மையைச் சொன்னால் கில்லாடிப் பட்டம் போய்விடும். அவ்வளவு அற்பமான பயம்தான்.

"அப்படி இருக்க வாய்ப்பே இல்ல மேடம்" என்றேன்.

(இங்கே "என் தொண்டை அடைத்தது" என்று ஒரு வரி இருந்தது. அடித்துவிட்டேன். தொண்டை நன்றாகத்தான் இருந்தது, குரல் கணீரென்று வந்தது.)

"நானும் அதான் நெனச்சேன். சின்னப் பிள்ள பேச்சக் கேட்டு உங்க வேலையக் கெடுத்துட்டேன். மன்னிச்சுக்கங்க சார்."

எழுந்தவர், நாற்காலியை முன்பிருந்த இடத்துக்கே தள்ளிவைத்துவிட்டுப் போனார். என்னிடம் போய் மன்னிப்பு! இதை எழுதும்போதுகூட உடம்பு கூசுகிறது.

4.

முடிவு அ: பொறியாளன் படிகளில் தடதடவென்று ஓடி, வாசலில் அவரைப் பிடிக்கிறான். (பொய். லிஃப்ட் கதவு மூடும்வரை நான் அசையவில்லை.)

முடிவு ஆ: கீழ் வகுப்பிலும் அந்தப் பெண் முதலாவதாக வந்து, பிற்காலத்தில் பெரிய... (இதை எழுதியபோது நிம்மதியாக இருந்தது. அதனாலேயே கிழித்துப்போட்டேன்.)

இதுவரை எழுதியதை மனைவியிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "கதையெல்லாம் சரி, அந்தப் பிள்ள என்ன ஆச்சு?" என்றாள்.

"இன்னும் வெள்ளிக்கிழமை வரல."

"அய்யோ, அப்ப இங்க உக்காந்து என்னங்க பண்றீங்க?"

5.

இன்று வியாழன். ஆசிரியையின் எண் என்னிடம் இருக்கிறது. அவர் கேட்டது இரண்டு வரி. நான் மூன்று நாளாக எழுதிக்கொண்டிருப்பது இது. "அந்தப் பெண் சொன்னது உண்மை. அப்படிச் செய்தவன் நான்." பாருங்கள், கதைக்குள் எவ்வளவு சுலபமாக எழுத வருகிறது! தனித்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடத்தான் கை வரவில்லை.

முடிவை உங்களிடம் விடலாம் என்றால், அந்தப் பிள்ளையின் ஒரு வருடத்தை யாரிடமும் விட எனக்கு என்ன உரிமை? திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். கதை நன்றாக வந்திருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.